கழுகின் சிறகடியில் ஓர் எழுத்து

என் முதல் ஜெர்மன் போலீஸ் துப்பாக்கிக்கு 600 டாலர் அதிகமாகக் கொடுத்தேன். எல்லாம் இரண்டே இரண்டு எழுத்துக்காக. அந்த இரண்டையும் தப்பாகப் படித்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

2011 கோடைக்காலம். ஒஹாயோவில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கூடத்தில் சனி, ஞாயிறு துப்பாக்கிச் சந்தை. நீளநீளமாக மடக்கு மேசைகள், அவற்றின் மேல் பச்சைத் துணி, ஓரத்தில் காபி கோப்பைகள். ஒரு மேசைக்காரர் லூகர் என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பி.08, 9 மி.மீ. பிடியின் முன்பக்கப் பட்டையில் எஸ், ஒரு புள்ளி, டி, ஒரு புள்ளி. அதையடுத்து ஒரு ரோமன் எண், அப்புறம் ஒரு சாதாரண எண். "எஸ்.டி. என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே" என்றார், குரலைத் தாழ்த்தி. தெரியாமலா? நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹைட்ரிக் கட்டி வளர்த்த, நாஜிகளின் எஸ்.எஸ். படையின் உளவுப் பிரிவு. அத்தனை புத்தகம் படித்திருக்கிறேனே! விரலால் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். உடம்பில் ஒரு சிலிர்ப்பு. அந்தச் சிலிர்ப்பின் விலைதான் 600 டாலர்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் ஆலைகளுக்கு வெட்டுக் கருவியும் அச்சும் செய்யும் டூல் அண்ட் டை பட்டறையில் 40 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா 1945இல் ஜெர்மனியிலிருந்து ஒரு வால்தர் கைத்துப்பாக்கி கொண்டுவந்திருக்கிறார். இந்தச் சேகரிப்புப் பழக்கம் எனக்குத் தொற்றியதே அதைப் பார்த்துத்தான். அன்று மாலை லூகரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கடிகாரக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி லூப் ஒன்றைக் கண்ணில் சொருகிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். நிமிர்ந்து, "டுஸ்ஸல்டார்ஃப்" என்றார். அவ்வளவுதான்.

எஸ் என்பது ஷுட்ஸ்போலிட்ஸாய், அதாவது சீருடை அணிந்த நகரக் காவல். டி என்பது டுஸ்ஸல்டார்ஃப். ரோமன் எண் உள்ளூர்ப் பிரிவைக் காட்டுகிறது, கடைசி எண் அந்தப் பிரிவின் ஆயுத எண். பிரஷ்ய மாநிலப் போலீஸின் உடைமைக் குறி இது. ஊரகக் காவலான லாண்ட்யேகெராய்க்கு முதல் எழுத்து எல் ஆகிவிடும். ஆக, நான் வாங்கி வந்தது ரைன் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் போலீஸ் நிலையச் சரக்கு.

அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். அங்கே ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் துறையின் சுருக்கமும் ஓர் எண்ணும் எழுதியிருக்கும். ஸ்டூலுக்கும் உண்டு, பீரோவுக்கும் உண்டு. ஆடிட் வரும் நாளில் ஒருவர் பெரிய பதிவேட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நாற்காலி நாற்காலியாகக் குனிந்து எண்ணைப் படிப்பார். பள்ளி விட்டு வந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அப்படி வளர்ந்த எனக்கே நாற்காலி நம்பர் எது என்று அடையாளம் தெரியவில்லை. அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அந்த லூகர் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை. தோட்டா அறைக்கு மேலே 1917 என்று இருக்கிறது. முதல் உலகப் போருக்காகச் செய்தது. போர் முடிந்து போலீஸ் கைக்கு வந்திருக்கிறது. இடப்பக்கத்தில் மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றைப் பிறகு பொருத்தியிருக்கிறார்கள். லூகரைத் துடைப்பதற்காகப் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டால், உள்ளே ஒரு தோட்டா மாட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே தெரியும் அந்த நீளக் கம்பியை விரல் அழுத்தினாலே வெடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பட்டை. 1930களின் தொடக்கத்தில் பிரஷ்யப் போலீஸ் பழைய லூகர்களை வரிசையாக அனுப்பி இதைப் போட வைத்தது. ராணுவ லூகரில் இது இருக்காது. இடப்பக்கம் இந்தப் பட்டை இருந்தால் துப்பாக்கி போலீஸ் கையில் இருந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், எழுத்து ஏதும் இல்லாவிட்டாலும்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எதையும் வாங்கவில்லை. படித்தேன், ஏலங்களுக்குப் போய்ச் சும்மா நின்று பார்த்தேன், குறிப்பேடு ஒன்று தொடங்கினேன். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: முதல் வருடம் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். நோட்டுக்கு ஆகும் செலவு போதும்.

அந்த வருடத்தில் பழைய துப்பாக்கி சேகரிப்பாளருக்கான லைசென்ஸ் எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் இது மூன்றாம் வகை. 50 வயது தாண்டிய துப்பாக்கிகளுக்கு. மூன்று வருடத்துக்கு 30 டாலர். பதிலுக்கு, வாங்கியது விற்றது எல்லாவற்றையும் பதிவேட்டில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். ஜெர்மனியில் கெடுபிடி இன்னும் அதிகம். அங்கே சேகரிப்பாளருக்குச் சிவப்பு அட்டை தனியாக உண்டு. உன் சேகரிப்பின் பொருள் என்ன, அதற்குப் பண்பாட்டு வரலாற்று மதிப்பு என்ன என்று அரசுக்கு முன்கூட்டியே விளக்கியாக வேண்டும். கேட்கத் தொல்லையாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் என் அலமாரி ஒழுங்குக்கு வந்தது.

முதலில் எல்லாரையும் போல மாடல் வாரியாகத்தான் பிரித்தேன். போர்க்காலத்துப் போலீஸ் கைத்துப்பாக்கி என்றால் முதலில் வருவது வால்தர் பிபி. 1929இல் வந்தது, பெயரிலேயே போலீஸ் இருக்கிறது, போலிட்ஸாய் பிஸ்டோலே. அதையே கோட்டுக்குள் மறைக்கிற அளவுக்குக் குறுக்கியது பிபிகே, 1931. பிபியின் குழல் 98 மி.மீ., பிபிகே 83 மி.மீ. பிபியில் 8 தோட்டா, பிபிகேயில் 7. இரண்டும் பெரும்பாலும் 7.65 மி.மீ., தூரிங்கியாவில் ஸெல்லா-மெஹ்லிஸ் ஊரில் செய்தவை. பக்கத்து ஊரான ஸூலில் ஸாவர் அண்ட் ஸோன் 1938இல் கொண்டுவந்தது 38ஹெச். தெற்கே நெக்கார் ஆற்றங்கரையில் ஓபெர்ன்டார்ஃபில் மௌசர் செய்தது ஹெச்எஸ்சி. அது போர் தொடங்கிய பிறகு வந்தது. கூடவே, போலீஸுக்கென்று மௌசர் செய்து கொடுத்த லூகர்கள்.

மாடல் வாரியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எதுவும் புரியாது. ஒரே பிபியைப் படை வாங்கியது, போலீஸ் வாங்கியது, நாஜிக் கட்சி வாங்கியது, நிதித்துறை வாங்கியது, பல் டாக்டரும் வாங்கினார். துப்பாக்கி ஒன்றுதான், வாங்கியவர்கள்தான் வேறு. அதனால் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு, காசு யார் கொடுத்தார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்து மறுபடி அடுக்கினேன். அந்தக் கேள்விக்குப் பதில் முத்திரையில் இருக்கிறது.

ஒரு போர்க்கால பிபியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தோட்டாக்கள் இருக்கும் மேகசினை உருவுங்கள், மேலே முன்பின் நகரும் ஸ்லைடை இழுத்துத் தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். மேசையில் இருப்பது 80 வருடப் பழசு, விற்பவர் நல்ல மனிதர், எல்லாம் சரி. இருந்தாலும் பாருங்கள். பிறகு விசையைச் சுற்றிய வளையமான டிரிக்கர் கார்டைக் கீழே இழுத்து இலேசாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் அது ஃபிரேமில் முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். ஒரு கருவியும் வேண்டாம். இப்போது லூப்பை எடுங்கள்.

மூன்று விதக் கழுகு உங்களுக்குத் தட்டுப்படலாம். முதலாவது கழுகின் கீழே என் (N) என்ற எழுத்து. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் ராணுவம் என்று குதிப்பார்கள். இல்லை. புகையில்லா வெடிமருந்தில் சோதித்துத் தேறியது என்ற சான்று இது. என் என்பது நைட்ரோ. கடையில் விற்ற துப்பாக்கியிலும் இருக்கும். ஆனால் இது கால அளவுகோல் ஒன்றைக் கையில் கொடுக்கிறது. 1939இல் போட்ட புதுச் சட்டம் 1940 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோதுதான் கழுகு-என் வந்தது. அதற்கு முன் அதே இடத்தில் கிரீடத்தின் கீழே என் இருந்தது. கிரீடமா கழுகா என்று பார்த்ததுமே 1940 ஏப்ரலுக்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது கழுகின் கீழே எண் இருக்கும். அது ராணுவக் கொள்முதல் சோதகருடையது. வால்தரில் 359, ஸாவரில் 37, மௌசரில் 655 அல்லது 135. எண்ணைப் பார்த்தால் படைச் சரக்கு; போலீஸ் அலமாரியில் அதற்கு இடமில்லை.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. இடப்பக்கம், விசைக்குப் பின்னால், கொத்துமல்லி விதை அளவுகூட இல்லாத ஒரு முத்திரை. சிறகு விரித்த கழுகு, வட்டத்துக்குள் ஸ்வஸ்திகா, அதை ஒட்டி ஒற்றை எழுத்து. சி, எல் அல்லது எஃப். போலீஸுக்காகப் பார்த்து ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

இந்த ஒற்றை எழுத்தை வைத்து விற்பனை மேசைகளில் எவ்வளவு கதை! சி என்றால் கிரிமினல் போலீஸ், எஃப் என்றால் ஃபெல்ட்ஜெண்டார்மெரி, இப்படி. கிரிமினல் போலீஸை ஜெர்மன்காரர்கள் கே போட்டுத்தான் எழுதுவார்கள். ஃபெல்ட்ஜெண்டார்மெரியோ ராணுவத்தைச் சேர்ந்தது, போலீஸ் கழுகு அதற்கு ஏன் வரப்போகிறது? மேசையில் நின்று வாதம் பண்ண வேண்டாம். நூறு துப்பாக்கியின் எழுத்தை எழுதி வையுங்கள், அதுவே சொல்லிவிடும். வால்தரிலும் ஸாவரிலும் சி வரும், போரின் பிற்பகுதியில் எஃப் வரும். மௌசரின் ஹெச்எஸ்சியிலும் லூகரிலும் எல் வரும், பிறகு அங்கேயும் எஃப் வரும். ஆக, எழுத்து போகிற இடத்தைச் சொல்லவில்லை. புறப்பட்ட இடத்தை, அங்கே ஏற்றுக்கொண்டவரைச் சொல்கிறது. ஸெல்லா-மெஹ்லிஸும் ஸூலும் ஒன்றுக்கொன்று பக்கம், அதனால் அங்கே ஒரு எழுத்து; ஓபெர்ன்டார்ஃப் எங்கோ தெற்கே, அதற்கு வேறு எழுத்து. அந்தப் போலீஸ்காரர் போக்குவரத்தைப் பார்த்தாரா, கொள்ளையனைப் பிடித்தாரா, போலந்துக்கு அனுப்பப்பட்டாரா என்று அந்த எழுத்தைக் கேட்டால் அது வாயைத் திறக்காது.

எனக்கு இது பிடிபட மூன்று வருடம் ஆனது. என் குறிப்பேட்டில் இப்போது 340 பதிவு இருக்கிறது. ஏலப் படங்கள், சந்தை மேசைகள், நண்பர்களின் பெட்டகம் என்று பார்த்ததெல்லாம். தொடர் எண், சோதனை முத்திரை, போலீஸ் முத்திரை, ஸ்லைடின் மேற்பரப்பு எப்படி என்று நான்கு பத்தி. வால்தர் பிபியின் தொடர் எண் 10 லட்சத்தைத் தொட்டதும், போருக்குச் சற்று முன், 1 லட்சத்திலிருந்து பின்னால் பி எழுத்தோடு மறுபடி தொடங்கியது, பிபிகேக்குக் கே. அந்த வரிசையில் எண்ணை ஏறுமுகமாக எழுதிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சி நின்று எஃப் வருவது கண்ணுக்குத் தெரியும். கூடவே இன்னொன்றும். தொடக்கத்தில் கண்ணாடி மாதிரி மெருகு. போகப்போக மெருகு குறைந்து, கடைசியில் ஸ்லைடின் பக்கத்தில் அரவைக் கத்தி ஓடிய கோடுகள் அப்படியே நிற்கும். மெருகு போட நேரமில்லை. 1942க்குப் பிறகு எண் ஏற ஏற அந்தக் கோடுகளும் கூடும். தேதியே இல்லாத துப்பாக்கிக்கு இந்தக் கோடுகள்தான் நாள்காட்டி. எதிர்வீட்டுப் பெரியவருக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தால் ஒரே உற்சாகம். "கத்தி மழுங்கிப்போயிருக்கிறது, அதையும் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள்" என்பார், ஏதோ நேற்று பக்கத்து மெஷினில் நடந்த மாதிரி.

மௌசர் லூகரில் வேறொரு வேடிக்கை. ராணுவத்துக்குப் போன லூகரில் தொழிற்சாலைப் பெயர் இருக்காது; எதிரிக்குத் தெரியக்கூடாது என்று பிஒய்எஃப் போன்ற ரகசியக் குறியீடு. போலீஸுக்கு 1939 முதல் 1942 வரை தேதியிட்டுச் செய்தவற்றிலோ மௌசரின் பெயர்ப்பட்டை பளிச்சென்று இருக்கும். ஒரே கூரையின் கீழ், ஒரே மெஷினில். ரகசியம் ராணுவ ஆர்டருக்கு மட்டும்தான். போலீஸ் ஆர்டர் கணக்கில் வேறு வாடிக்கையாளர். தொடர் எண்ணின் கடைசியில் வி முதல் ஒய் வரை ஏதாவதொரு சிறிய எழுத்து வரும். இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறந்து விலை கேட்பேன்.

1936 ஜூன் 17 என்ற தேதியை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். அன்றுதான் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் ஜெர்மன் போலீஸ் முழுவதற்கும் தலைவரானது. அதுவரை போலீஸ் மாநிலங்களின் கையில் இருந்தது. பிரஷ்யாவுக்கு ஒரு குறிமுறை, பவேரியாவுக்கு வேறு. பிடிஎம் என்று போட்டிருந்தால் முனிக் போலீஸ் தலைமையகம். ஆர்எஃப்வி என்றால் போலீஸே இல்லை, நிதி நிர்வாகம்; சுங்கமும் அதில் அடக்கம். பிறகு சீருடைப் போலீஸ் குர்ட் டாலுகேயிடமும், கிரிமினல் போலீஸும் ரகசியப் போலீஸான கெஸ்டபோவும் ஹைட்ரிக்கிடமும் போயின. போருக்குள் புதிதாக வந்த துப்பாக்கிகளில் ஊர்ப்பெயர்க் குறி அரிது. கழுகும் எழுத்தும் மட்டும்தான். என் அலமாரியில் மேல்தட்டு மாநிலங்களுடையது, நடுத்தட்டு பேரரசுப் போலீஸ், கீழ்த்தட்டு போலீஸ் மாதிரி தெரிந்து போலீஸ் அல்லாதவை. கீழ்த்தட்டுதான் நிரம்பி வழிகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை.

ஏமாற்று வேலைக்கு வருவோம். சாதாரண வணிக பிபியையும் கழுகு-சி உள்ள பிபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விலையில் நல்ல வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு இடையே இருப்பது ஒரு சின்ன அச்சு. அதைச் செய்யப் பெரிய பட்டறை வேண்டாம். 2016இல் ஒரு ஏலத்தில் பிபி ஒன்று வந்தது. நல்ல மெருகு, இடப்பக்கம் கழுகு-எஃப் துல்லியமாக விழுந்திருந்தது. எனக்குக் கை பரபரத்தது. திருப்பிப் பார்த்தேன். ஸ்லைடில் கிரீடம்-என். கிரீடம் 1940 ஏப்ரலோடு போயிற்று, எஃப் வந்ததோ போரின் பிற்பகுதியில். அத்தனை வருடம் அந்தத் துப்பாக்கி எங்கே உட்கார்ந்திருந்தது? பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்துவிட்டேன். என் கண்ணெதிரே ஒருவர் நல்ல விலைக்கு எடுத்தார். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமோ என்று அடிக்கடி தோன்றும். ஏலக் கூடத்தில் அந்நியர் காதில் போய் ஓதுவதும் லேசில்லை. ஆனால் சொல்லவில்லை என்பது என் கணக்கில்தான் நிற்கிறது.

அப்போதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். முத்திரை அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. போலி செய்கிறவன் அதில்தான் மெனக்கெடுகிறான். இந்த முத்திரை மற்ற முத்திரைகளோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ராணுவ 359உம் போலீஸ் சியும் ஒரே பிபியில் அருகருகே இருந்தால் இரண்டு பேர் ஒரே நாற்காலிக்குக் காசு கொடுத்த மாதிரி. கட்சிக் கழுகு பதித்த பிபிகே பிடித்தகடு இன்னும் மோசம். ஒரே ஒரு திருகைக் கழற்றி மாட்டிவிடலாம் என்பதால் சந்தையில் சுற்றுவதில் பெரும்பகுதி புதிதாக வார்த்தது. "கெஸ்டபோ துப்பாக்கி" என்பதோ சொல்லவே வேண்டாம். கெஸ்டபோவுக்கென்று தனி முத்திரை கிடையாது. ஹிட்லர் கடைசியில் தன்னைச் சுட்டுக்கொண்டது வால்தரால் என்ற தகவலும், சொல்லாமலே ஒவ்வொரு பிபிகேயின் விலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

1945 ஏப்ரலில் தூரிங்கியாவுக்குள் அமெரிக்கப் படை புகுந்தது. ஜூலையில் சோவியத் படையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. இடையில் வால்தர் ஆலையில் கிடந்த உதிரிகளை எடுத்துச் சிப்பாய்களுக்காகப் பூட்டிய துப்பாக்கிகளும் உண்டு. சோதனை முத்திரை இருக்காது, எண்கள் பொருந்தாது. எதிர்வீட்டுப் பெரியவரின் அப்பா கொண்டுவந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான் என்பது எங்கள் இருவர் ஊகம். ஆனால் அவரோ, "அப்பா ஒரு போலீஸ்காரனைச் சிறைபிடித்து வாங்கியது" என்று சின்ன வயதில் கேட்ட கதையைத்தான் பேரனுக்குச் சொல்கிறார். நான் ஏன் நடுவில் புகப்போகிறேன்?

கதையை விடக் காகிதம் தேவலை. சிப்பாய் கைப்பற்றிய பொருளை ஊருக்குக் கொண்டுபோக அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டு ஒன்று உண்டு. அது துப்பாக்கியோடு சேர்ந்து வந்தால் விலை ஏறும். ஆனால் நிறையச் சீட்டுகளில் "ஜெர்மன் பிஸ்டல், ஒன்று" என்று மட்டும்தான் இருக்கும். தொடர் எண் எழுதாத சீட்டு எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். எண் இருந்தால் காசு கொடுங்கள், இல்லாவிட்டால் அதைப் படித்துச் சந்தோஷப்பட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பராமரிப்பில் நான் செய்த பெரிய தப்பு உறை. ஸாவர் ஒன்று அதன் கறுப்புத் தோலுறையோடு, உபரி மேகசினோடு வந்தது. சேர்ந்து வந்ததைப் பிரிக்கக்கூடாதே என்று அப்படியே உள்ளே போட்டு வைத்தேன். ஒஹாயோ ஜூலையில் நிலவறை எப்படிப் புழுங்கும் என்பது மறந்துவிட்டது. செப்டம்பரில் எடுத்தபோது ஸ்லைடின் வலப்பக்கம் தோல் பட்ட இடமெல்லாம் மிளகு தூவிய மாதிரி புள்ளி புள்ளியாகத் துரு. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். 70 வருடம் யார் யார் வீட்டிலோ தப்பித்தது என் வீட்டில் மூன்று மாதத்தில் கெட்டது. இப்போது உறை தனி அலமாரியில். துப்பாக்கியைக் கையுறை போட்டுத்தான் எடுப்பேன்; எண்ணெய் ஒரு சொட்டு, அதன்மேல் அருங்காட்சியகத்தார் பூசும் மெழுகு, பெட்டகத்தில் ஈரமுறிஞ்சி. அந்தத் துருவைத் தேய்த்து எஃகுக்கு மறுபடி நீலப் பூச்சு ஏற்றிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம். பழைய நீலம் போனால் மெருகின் வரலாறு போய்விடும், தேய்க்கிற தேய்ப்பில் முத்திரையின் ஓரமும் மழுங்கும். புள்ளிகளை எண்ணெயில் நிறுத்தி வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் உறுத்தும், உறுத்தட்டும்.

வீட்டில் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பூஜை அறை இருக்கிற மாடிக்கு அந்தக் கழுகுகள் ஏறக்கூடாது. எங்கள் வீட்டு மஞ்சள் பூசிய தாம்பாளத்திலும் ஸ்வஸ்திகா இருக்கிறது, அதுவும் இதுவும் வேறு என்று ஆரம்பித்தேன். "தெரியும். அதனால்தான் சொல்கிறேன்" என்றாள். பெட்டகம் நிலவறையிலேயே இருக்கிறது.

அவள் அப்படிச் சொன்ன பிறகுதான், அந்தப் போலீஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். அதுவரை எனக்குப் போலீஸ் என்றால் படையை விடக் கொஞ்சம் சுத்தமான அலமாரி. சேகரிப்பாளர்களில் பலர் இதையே வெளிப்படையாகச் சொல்வார்கள்: "எஸ்.எஸ். சாமான் வாங்குவதில்லை, போலீஸ் மட்டும்தான்." ஹாம்பர்க் நகரத்தின் 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 500 பேருக்கும் குறைவு, பெரும்பாலும் நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். 1942 ஜூலை 13 அன்று போலந்தில் யூஸெஃபூஃப் என்ற ஊரில் சுமார் 1,500 யூதர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுட்டார்கள். முடியாது என்கிறவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதி மேஜர் டிராப் காலையில் சொல்லியிருந்தார். ஒரு சிலர்தான் விலகினார்கள். அந்தப் பட்டாலியன் சுட்டுக் கொன்றதும் டிரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில் ஏற்றியதும் சேர்த்துக் குறைந்தது 83,000 பேர். அன்று காட்டில் பயன்பட்டது ரைஃபிள்கள், என் அலமாரியில் இருப்பவை இடுப்பில் தொங்கியவை, அது வேறு விஷயம். ஆனால் "போலீஸ் மட்டும்தான்" என்று இப்போது நான் சொல்வதில்லை.

இதைப் படித்த பிறகு விற்றுவிடலாமா என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தேன். விற்றால் யாரிடம் போகும் என்பதும் தெரியும். வைத்துக்கொண்டேன். குறிப்பேட்டில் மட்டும் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: யார் கையில், எங்கே. டுஸ்ஸல்டார்ஃப் லூகருக்கு எதிரே பிரிவும் ஆயுத எண்ணும் எழுதியாகிவிட்டது. நடுத்தட்டில் இருக்கும் ஆறு துப்பாக்கிக்கும் அந்தக் கட்டம் காலி. கழுகையும் எழுத்தையும் வைத்துக்கொண்டு அதை நிரப்ப முடியாது.

போன வாரம் இண்டியானாவிலிருந்து ஒருவர் ஸாவர் 38ஹெச் ஒன்றின் படங்களை அனுப்பினார். பாட்டனாரின் சாமான்களைப் பிரித்தபோது கிடைத்ததாம். கெஸ்டபோ துப்பாக்கி என்று வீட்டில் சொல்வார்களாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்லைடில் அரவைக் கோடுகள், கழுகு-என், இடப்பக்கம் மங்கலாக ஒரு போலீஸ் கழுகு. எழுத்து சியா எஃபா என்று வெளிச்சம் படாமல் தெரியவில்லை. கூடவே கைப்பற்றிய சீட்டும் இருக்கிறது, எண்ணோடு. ஞாயிற்றுக்கிழமை காரில் நான்கு மணி நேரம். லூப்பை நினைவாக எடுத்து வைக்க வேண்டும்.